டியூபை அலமாரியில வை, தம்பி

"அக்கா, பட்டறைத் தகரக் கூரை ஒழுகி லேத் மேல மறுபடியும் சொட்டுது, நாலு டியூப் சிலிக்கான் வாங்கிட்டேன்"னு நேத்து ராத்திரி நீ சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. போன வருஷமும் இதைத்தானே சொன்னே? டியூபை அலமாரியில வை. ஓட்டை எங்கேன்னு தெரிஞ்ச பிறகு அதை எடுத்தாப் போதும்.

முதல்ல எந்த மழைக்கு ஒழுகுதுன்னு யோசிச்சுப் பாரு. கோயம்புத்தூர்ல ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கேயிருந்து சாரலைப் படுக்க வச்சு அடிக்கும். அதுக்கு மட்டும் ஒழுகுனா மேற்குச் சுவர் ஓரம், முகட்டுத் தகரம், கூரை மேல சுத்துற டர்போ ஃபேனோட அடிப்பாகம், இந்த மூணையும் பாரு. ஐப்பசி அடைமழைக்கு மட்டும்னா, ஓரத்து வாய்க்கால் நிரம்பி உள்பக்கம் வழியுதுன்னு வச்சுக்க. வேப்பிலையும் புறாக்கூடும் அடைச்சுக் கிடக்கும். புரட்டாசிக்குள்ள அள்ளிப் போட்டுடு. எந்த மழைக்கும் சொட்டுனா ஸ்க்ரூ மேலதான் முதல் சந்தேகம். மழையே இல்லாத மார்கழி விடிகாலையில சொட்டுனா அது ஒழுகலே இல்லை. ராத்திரி தகரம் சில்லுன்னு ஆனதும் உள்ளே இருக்குற ஈரக்காத்து அதுல பட்டு வேர்க்குது. அதுக்கு எதைப் பூசியும் பலன் இல்லை. ஈரக்காத்து வெளியே போக வழி பண்ணணும்.

சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு நினைக்காதே. தண்ணி ஷீட்டோட அடியில ஒட்டிக்கிட்டே சரிவுல இறங்கி, ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டமான பர்லின்ல முட்டி, அது மேலயே பக்கவாட்டுல ஓடி, வசதியான இடத்துல கீழே விழும். அப்பா ஒரு தடவை இது புரியாம லேத்தையே மூணடி நகர்த்தி வச்சார், ஞாபகம் இருக்கா? கடைசியில ஓட்டை ஏழெட்டு அடி தள்ளி, முகட்டுப் பக்கம் இருந்துச்சு. ஏணி போட்டு டார்ச் அடிச்சு பர்லினைப் பாரு. அது மேல படிஞ்ச தூசியில தண்ணி ஓடின தடம் துருக்கோடா தெரியும். கோட்டைப் பிடிச்சுக்கிட்டு சரிவுல மேல் நோக்கிப் போ.

உச்சி வெயில்ல ஷட்டரை இறக்கி, லைட்டை அணைச்சுட்டு பத்து நிமிஷம் உள்ளே நில்லு. கண்ணு இருட்டுக்குப் பழகினதும் ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி மின்னும். சாக்பீஸால அடையாளம் போட்டுக்க. ஷீட்டு மேல ஷீட்டு ஏறுற இடத்துல கசிஞ்சா வெளிச்சம் தெரியாது. அதுக்கு ஹோஸ் பைப்தான். கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு மேலே போகணும், ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம். மேலேயிருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் நனைஞ்சு, எது காரணம்னே தெரியாமப் போயிடும். உள்ளே ஒருத்தர் நின்னு "வந்துருச்சு"ன்னு கத்தணும். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் தண்ணி அடிக்கணும்.

மேலே ஏறுறதுல மட்டும் உன்னோட வீரம் வேண்டாம். பெல்ட் போடு. கீழே பர்லின் இருக்கிற ஸ்க்ரூ வரிசை மேலயே பலகை போட்டு நட. ஈரத் தகரத்துல கால் நிக்காது, அதனால தண்ணியை ஏணியிலேயோ ஓரத்துச் சாரத்துலயோ நின்னு அடி. வெளிச்சத்துக்காக இடையில போட்ட ஃபைபர் ஷீட் மேல மட்டும் மறந்தும் காலை வச்சிடாதே. வெயில்ல மொறுமொறுன்னு ஆகிப் போயிருக்கும். ஆளோட சேர்ந்து உள்ளே இறங்கிடும்.

இப்போ ஸ்க்ரூ. தலைக்கு அடியில கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கே, பல வருஷ வெயில்ல அது கெட்டியாகி வெடிச்சுப் போகும். அதை இன்னும் முறுக்கிப் பிரயோஜனமில்லை, கழட்டி மாத்து. ஓட்டை பெருசாகி ஸ்க்ரூ சும்மா சுத்துனா, 5.5 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 6.3 போடு. வாஷர் ஓரம் லேசாப் பிதுங்கினதும் கையை எடுத்துடு. பணியாரம் மாதிரி உப்பி வெளியே வந்தா அதிகமா முறுக்கிட்டேன்னு அர்த்தம். சாய்வாப் போன ஸ்க்ரூவையும் விடாதே. டிரில் பண்ணின இரும்புத் துருவலை அன்னிக்கே பெருக்கிடு, ஒரு பனி பட்டாலே ஷீட்டு மேல துரு பொட்டுப் பொட்டாப் பிடிக்கும்.

ஷீட் ஜாயின்ட்ல கசிஞ்சா வெளியே பூசுறது ஒரு மழைக்குத்தான் தாங்கும். ஸ்க்ரூவைக் கழட்டி, மேல் ஷீட்டைத் தூக்கி, அழுக்கைத் துடைச்சுக் காயவச்சு, நடுவுல பியூட்டைல் டேப் ஒட்டி மறுபடி இறுக்கு. சிமென்ட் கரைச்சு அப்புற வேலையே வேண்டாம். வெயில்ல தகரம் விரியும், சிமென்ட் அதுக்கு வளைஞ்சு கொடுக்காம வெடிக்கும்; போதாததுக்கு ஷீட்டோட பூச்சையும் தின்னுடும்.

உன் நாலு டியூபுக்கும் வேலை இருக்கு, முகட்டு ஓரத்துலயும் ஃபேன் அடியிலயும். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு பிதுக்கி மோந்து பாரு. வினிகர் வாடை அடிச்சா அது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஆனது, ஜிங்க் பூச்சை அரிச்சுடும். கடையில "நியூட்ரல் க்யூர்"னு கேட்டு மாத்திக்க.

அதுவரைக்கும் லேத் பெட்டுல எண்ணெய் தடவி தார்ப்பாய் போட்டு வை. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். பைப்பை நீ பிடி, உள்ளே நின்னு கத்துறதுக்கு நான் இருக்கேன்.