சாலைக்கும் ஹக்கு உண்டு

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். முள்ளை எடுத்துப் போடுவது ஈமானில் சேருமென்றால், நாமே பிறர் பாதையில் முள்ளாகிவிடுவது எதில் சேரும்? சற்றுச் சிந்திப்போம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை எடுத்துக் கொள்வோம். முன்னர் 45ஏ என வழங்கிய இது, இன்று 32-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பூண்டியாங்குப்பத்துக்குத் தெற்கே நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டது. நடுவே தடுப்பு, போக இரண்டு தடம், வர இரண்டு தடம். இடத் தடம் ஓடுவதற்கு. தடுப்பை ஒட்டிய வலத் தடம் முந்துவதற்கு. முந்தியதும் இடத் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நடப்பதென்ன? பாரமேற்றிய லாரி வலத் தடத்திலேயே ஊர்கிறது. பின்னால் வருபவர் பொறுமையிழந்து இடப்புறமாகப் புகுந்து முந்துகிறார். இருவர் செய்வதும் தவறே. முன்னவர் பிறர் வழியை அடைத்துக் கொண்டார். பின்னவர் ஆபத்தை விலைக்கு வாங்கினார்.

ஏன் ஆபத்து? நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டி வருபவரை அவர் காண்பது அரிது. வழிவிட எண்ணி அவர் இடப்புறம் ஒதுங்கும் அதே நொடியில் நாம் அங்கே நுழைந்திருப்போம். நடப்போரும், சைக்கிளில் செல்வோரும், பழுதாகி நிற்கும் வண்டியும் அந்த ஓரத்தில்தான் இருப்பர். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். கண்டபின் நிறுத்த இடமேது?

வலப்புறமாகவே முந்த வேண்டும் என்பதே நாட்டுச் சட்டத்தின் பொது விதி. முன்னால் செல்பவர் வலப்புறம் திரும்பச் சைகை காட்டி ஒதுங்கும்போது இடப்புறமாகக் கடப்பது அதற்குள்ள விலக்கு. பொறுமையின்மை விலக்கு ஆகாது.

அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபாவுக்கு மக்கள் வெள்ளம் புறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அமைதி காக்கும்படி ஏவினார்கள். வாகனத்தை விரட்டுவதில் நன்மை இல்லை என்றார்கள். நெரிசலில் நிதானமாகச் சென்றார்கள். இடைவெளி கிடைத்தபோது சற்று விரைந்தார்கள் என உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ள செய்திகள் இவை. விரைவு விலக்கப்படவில்லை, பிறரை நெருக்கும் விரைவே விலக்கப்பட்டது.

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று பரங்கிப்பேட்டைக்கோ சிதம்பரத்துக்கோ பறக்கும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். இகாமத் கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பதல்லவா நமக்குள்ள கட்டளை? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம். 80-இல் 34 நிமிடம். அந்த 11 நிமிடத்தை வீட்டிலிருந்து முன்னதாகப் புறப்பட்டே சம்பாதிக்கலாம்.

தாய்மார்களே! பிள்ளையின் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்குமுன் இந்தப் பாடத்தையும் கொடுங்கள். தொழுகையில் ஸஃப்பை நேராக்கி நிற்கக் கற்ற நாம், சாலையிலும் நம் தடத்தில் நிற்கக் கற்போம். பிறர் உயிர் நம்மிடம் அமானிதம். அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.