நாய்க்குட்டிக்கு ஏற்ற சீப்பும் பிரஷும்

மனிதனின் கையை நம்புவதா, அதற்கு அஞ்சுவதா என்பதனை நாய் தன் குட்டிப் பருவத்திலேயே பெரும்பாலும் கற்றுக்கொள்கின்றது. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறக்குறைய 14ஆம் வாரம் வரையில் அது அமைதியாகப் பழகிக்கொண்டவற்றைப் பின்னர் எளிதில் ஏற்கும். அப்பருவத்தில் நோவு தந்தவற்றைக் கண்டு வளர்ந்த பின்னும் மிரளும். ஆதலால், குட்டியின் உடல் மீது நாம் முதன்முதலாக வைக்கும் சீப்பும் பிரஷும் மென்மையானவையாக இருத்தல் இன்றியமையாதது. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையினை இப்பாடத்தில் காண்போம்.

தெம்பனிஸ் நகரில் இருவகை நாய்கள்

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள தெம்பனிஸ், அங்கு வளர்ந்திருந்த ஒரு மரத்தினால் அப்பெயர் பெற்றது. முற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்களும் மணல் தோண்டும் குழிகளும் இருந்த அவ்விடத்தில், 1970களின் இறுதி முதல் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று அங்கு இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். முன்பு கம்பத்து வாசலில் விருப்பம்போல் திரிந்த நாய், இப்பொழுது மாடிவீட்டினுள் குடும்பத்தாரோடு ஒட்டி வாழ்கின்றது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் உரிமம் பெற்ற ஒரு நாயை வளர்க்கலாம். அது அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தைச் சேர்ந்ததாய் இருத்தல் வேண்டும். 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ், வீடற்ற கலப்பின நாய்களையும் சில விதிகளுக்கு உட்பட்டு ஏற்கலாம். இவற்றைச் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று மக்கள் அன்போடு அழைப்பர்.

ஆகவே, அந்நகரில் இருவகை உரோமம் உடைய நாய்களைக் காணலாம். ஷிட்சூ, மால்டீஸ், பூடில் போன்றவற்றின் உரோமம் நீண்டு வளர்ந்து சிக்குப் பிடிக்கும். கலப்பின நாய்கள் பலவற்றின் உரோமமோ, நம் தோட்டத்து நாயினுடையதைப் போலக் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஒன்றற்கு ஏற்ற கருவி மற்றொன்றற்குத் துன்பமாகும். கடையில் அழகாகத் தொங்குவதை வாங்காது, உரோமத்தின் தன்மையை அறிந்து வாங்குதல் வேண்டும்.

கருவிகளின் வகைகள்

1. மென்மயிர் பிரஷ்: எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் ஏற்றது இதுவே. கைக்குழந்தையின் தலை வாரும் பிரஷ் ஒன்றைக் குட்டிக்கெனத் தனியே ஒதுக்கினாலும் போதும்.

2. ரப்பர் பிரஷ்: நாம் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரும் இதற்கு உதவுகின்றது. இதன் குட்டையான மழுங்கிய முனைகள், உதிரும் உரோமத்தைத் தோலைக் கீறாது திரட்டும். குட்டை உரோம நாய்க்கு இது மிகவும் பொருத்தமானது; குளிப்பாட்டும்பொழுதும் பயன்படும். குட்டி இதனைக் கடித்துத் துண்டுகளை விழுங்காதவாறு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

3. அகன்ற பல் சீப்பு: நீண்ட உரோமத்திற்கு உரியது. பற்களின் நுனி உருண்டிருத்தல் வேண்டும். சிக்கு இருப்பின் உரோமத்தின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாக வார வேண்டும். சிக்கினைக் கத்தரிக்கோலால் வெட்ட முனைந்தால் தோலும் வெட்டுப்படக்கூடும்.

4. கம்பி பிரஷ்: மெல்லிய கம்பிகள் நெருக்கமாய்ப் பதிந்தது. குட்டை உரோமக் குட்டிக்கு இது வேண்டியதில்லை. நீண்ட உரோமத்திற்கும் மேலோட்டமாகவே பயன்படுத்தலாம்.

5. நெருங்கிய பல் சீப்பு: பேன்சீப்பு போன்ற இது, உரோமத்தினுள் மறைந்திருக்கும் தெள்ளுப்பூச்சிகளை எடுக்க உதவும்.

வாங்குமுன் சோதித்தல்

கருவியை நம் முன்னங்கையின் உட்புறத்தில் வைத்து, நாயை வாருவது போல் இழுத்துப் பார்ப்போம். சிவந்த கோடு விழுந்தாலோ எரிச்சல் கண்டாலோ அது குட்டிக்கு ஆகாது. குட்டியின் தோல், வளர்ந்த நாயின் தோலைவிட மெல்லியது. உளி பட்டையைக் கடந்து ஆழப் பாய்ந்தால் மரம் காயமுற்று, பின்னர் வளரும் பட்டை மேடுபள்ளமாகும் என்பதனைப் பால் வெட்டுவோர் நன்கறிவர். அந்தக் கை அளவு இங்கும் வேண்டும். உரோமத்தை வார வேண்டுமேயன்றித் தோலைச் சுரண்டலாகாது.

நகம் வெட்டும் கருவி கூர்மையாக இருத்தல் நலம்; மழுங்கியது நகத்தை நசுக்கும். நகத்தினுள் இரத்தமும் உணர்ச்சியும் உள்ள பகுதி உண்டு. கறுத்த நகத்தில் அது தெரியாதாகையால், நுனியை மட்டும் வெட்டுதல் வேண்டும்.

பழக்கும் முறை

குட்டி விளையாடிக் களைத்திருக்கும் வேளையே ஏற்றது. முதலில் கருவியை முகர்ந்து பார்க்க விடுக. பின்னர் முதுகிலும் மார்பிலும் இரண்டு மூன்று முறை மட்டும் வாரி, சிறிது தின்பண்டம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். அது சலிப்படையுமுன் நாமே நிறுத்திவிடுதல் நன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகக் காது, கால், வால் ஆகியவற்றைத் தொட்டுப் பழக்கலாம். சிறுவர்கள் வாரும்பொழுது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் காயமேற்பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி மருத்துவரை நாடுக.

இவ்வளவு பொறுமை எதற்கு?

உரோமத்தின் அழகு மட்டும் இதன் நோக்கமன்று. தோட்டத்தில் வாழும் நாய்க்கு உண்ணி பெரும்பகை. காதினுள்ளும், கால் விரல்களின் இடுக்கிலும், கழுத்தடியிலும் அது ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவதோடு, உயிருக்கே ஊறு செய்யும் காய்ச்சல் நோய்களையும் பரப்புகின்றது. கையைக் கண்டு மிரளும் நாயின் காதினை யார் விலக்கிப் பார்க்க இயலும்? உண்ணி பெருகி, ஈறு வெளுத்து, உணவை வெறுத்த பின்னரே நோய் தெரியவரும். கைக்குப் பழகிய நாயிடமோ, நாள்தோறும் வாரும்பொழுதே விரலில் தட்டுப்படும் சிறு உண்ணியையும் கண்டுகொள்ளலாம்.

உண்ணியைக் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுதலும், நெருப்பால் சுடுதலும், தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தெளித்தலும் கேடு விளைவிக்கும். உண்ணி மருந்தினைக் குட்டியின் வயதையும் எடையையும் கூறிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுதலே முறை.

விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மென்மயிர் பிரஷ், ஒரு ரப்பர் பிரஷ், ஒரு நல்ல சீப்பு ஆகிய மூன்றும் மாடிவீட்டுக் குட்டிக்கும் லயத்துக் குட்டிக்கும் போதுமானவை. அவற்றை நோவின்றிப் பயன்படுத்துவோமாயின், நம் கையை நம்பும் நாயொன்று நம் வாசலில் நலமோடு வாழும்.

பயிற்சி வினாக்கள்

1. குட்டை உரோம நாய்க்கு ஏற்ற பிரஷ் எது? ஏன்?
2. கருவியின் மென்மையை வாங்குமுன் எவ்வாறு அறியலாம்?
3. நாள்தோறும் வாருவதால் உண்ணியை எங்ஙனம் கண்டறியலாம்?