விளக்கிற்கு இலக்கணம்

பல நிறப் பட்டைகள் அமைந்த ஜமக்காளத்தாற் பெயர்பெற்றது பவானி நகரம். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற அந்நெசவில், குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் ஊடையின் நிறத்தை மாற்றுந்தோறும் புதிய பட்டையொன்று தோன்றும். எந்நிறம், எத்தனை இழை, எதன்பின் எது என்னும் ஒழுங்கே அங்கு அழகாகின்றது. இவ்வொழுங்கை நூலின்றி ஒளியால் அமைத்தல் கூடுமோ எனின், கூடும். தனித்தனியே கட்டளை பெறும் எல்.இ.டி. விளக்குச் சரமே அதற்குரிய கருவி. இதனை ஓய்வுநேரத்திற் பயில்வார் இன்று பலர். எனினும், இஃது அறிவியல் மாணவர்க்கே உரியதென்றும், தமிழ் கற்பார்க்கு எட்டாததென்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அது பொருந்தாதென்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

திருவிழாப் பந்தல்களிலும் கிறிஸ்துமஸ் விண்மீன்களிலும் நாம் கண்ட பழைய சீரியல் விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்னோட்டத்திற் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அத்தொடர் முழுவதும் அணையும். ஒரு விளக்கை மட்டும் விளித்து, 'நீ சிவந்திடுக' எனப் பணித்தலும் இயலாது. புதிய சரமோ வேறு வகையினது. டபிள்யூ.எஸ். 2812பி எனப்படும் விளக்கினுள் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிமுனைகளும், கட்டளையை உணரும் நுண்சில்லு ஒன்றும் அடங்கியுள்ளன. இம்மூன்றனுள் ஒளிமிக்க நீலம் நெடுங்காலம் கைகூடாதிருந்தது. அதனை ஆக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்திற்குரிய நோபல் பரிசைப் பெற்றனர்.

இனி, விளக்கு நம் சொல்லை அறியுமாறு காண்போம். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நாம் முதலிற் கற்ற பாடம். விளக்கின் மொழியும் அத்தகையதே. அதற்கு 0, 1 என இரண்டே குறிகள். ஒவ்வொரு குறிக்கும் உரிய காலம் ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறிட்டதில் 1.25 கூறு. அதனுள் மின்னெழுச்சி ஏறக்குறைய 0.4 கூறு நின்றால் 0 ஆம், 0.8 கூறு நின்றால் 1 ஆம். குறிலும் நெடிலும் போலக் கால அளவே இங்குப் பொருளை வேறுபடுத்துகின்றது. எட்டுக் குறிகள் கூடி 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகும். மூன்று எண்கள் கூடி ஒரு நிறமாகும். இவ்வாறு அமையும் நிறங்கள் 1,67,77,216.

முதல் விளக்கு தனக்குரிய 24 குறிகளை ஏற்றுக்கொண்டு எஞ்சியவற்றை அடுத்ததற்கு விடுக்கும். அடுத்ததும் அவ்வாறே செய்யும். செய்தி சற்று ஓய்ந்ததும் யாவும் ஒருங்கே புதுநிறம் காட்டும். ஒரு விளக்கு செய்தியை விடுக்கத் தவறின், அதற்குப் பின்னுள்ளவை ஒன்றும் அறியா. தமிழில் வேற்றுமையுருபு இருத்தலாற் சொற்களை இடம் மாற்றினும் பொருள் மாறாது. விளக்கின் மொழியிலோ உருபு இல்லை, இடமே பொருள். இவ்விளக்கு முதலெண்ணைப் பச்சையென்றும் இரண்டாவதைச் சிவப்பென்றும் கொள்ளுதலின், முறை மாறின் சிவக்கவேண்டியது பச்சையாகும்.

பயிற்சிக்கு 60 விளக்குகள் கொண்ட சரமொன்றைக் கொள்க. கட்டளையிடும் பலகையாக, 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ போதும். நுண்ணிய கால அளவுகளைக் காக்கும் நிரல்தொகுப்புகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. விளக்குகளை 0 முதல் 59 வரை எண்ணுக. ஆறு நிறங்களைத் தேர்ந்து அவற்றையும் 0 முதல் 5 வரை எண்ணுக. விளக்கின் எண்ணைப் பத்தால் வகுத்து வரும் ஈவே அதன் நிறத்தின் எண். இப்போது பத்துப் பத்தாக ஆறு பட்டைகள் தோன்றும். பின்னர், வினாடியிற் பத்திலொரு பங்கிற்கு ஒருமுறை, ஒவ்வொரு விளக்கும் தனக்கு அடுத்ததன் நிறத்தையும், கடைசி விளக்கு முதலாவதன் நிறத்தையும் ஏற்குமாறு செய்க. ஜமக்காளப் பட்டைகள் நகர்வன போலக் காட்சி தரும்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. முழு வெண்மையில் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். 60 விளக்குகட்கு 3.6 ஆம்பியர் வேண்டும். இதனைப் பலகையினின்று பெற முயலின் பலகை கெடும். மெல்லிய கம்பி சூடேறித் தீங்கும் நேரலாம். ஆதலின் 5 வோல்ட் தரும் தக்க மின்வழங்கியைத் தனியே கொண்டு, அதன் எதிர்முனையைப் பலகையின் எதிர்முனையோடு இணைக்க. வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலையை அறிந்தவரிடமே விடுக.

மாத்திரை, முறை, இடம் என்பவற்றை நுணுகி நோக்கும் பழக்கம் இலக்கணம் பயில்வார்க்கு முன்னரே வாய்த்தது. நிரலெழுதுவார்க்கு வேண்டுவதும் அப்பழக்கமே. தமிழ் வகுப்பு மாணவர் அறிவியல் வகுப்பு நண்பரைத் துணைக்கொண்டு, வரும் விடுமுறையிற் பத்து விளக்குகளைக்கொண்டேனும் இதனைத் தொடங்குவாராக.