ஏலக்காட்டில் கை கிழிந்தால்

போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து விடியலில் ஜீப் ஏறி, உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு:

1. ரத்தத்தைக் கண்டதும் இலை தேடி ஓடாதே, தாயி. துணியை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்து. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடி. பத்து நிமிஷம் திறந்து பார்க்காதே. திறந்தால் உறைகிற ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும்.

2. குடிக்கிற தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவு. பூச்சிமருந்து கலக்கும் டிரம் தண்ணீர் வேண்டாம்.

3. இனி இலை. கம்யூனிஸ்ட் பச்சை பாதையோரமெல்லாம் புதராக நிற்கும். அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தேறிய களை. கொழுந்தைக் கழுவிக் கசக்கிச் சாறு விட்டால் சிராய்ப்பில் கசிவது சீக்கிரம் நிற்கும். வியட்நாமிலும் இதைக் காயத்துக்கு வைத்திருக்கிறார்கள். கீழே ஊரில் இதே வேலைக்கு வெட்டுக்காயப் பூண்டைக் கசக்குவோம். ஆனால் ஏலத்தூருக்குப் பக்கத்தில் நிற்கும் செடியில் கை வைக்காதே. அழுகலுக்கு அடித்த துருசு நீலப்புள்ளியாக இலையில் தெரியும், பூச்சிமருந்து தெரியாது. ஏலத்துக்கு மருந்து அடிப்பது போல வேறெந்த வெள்ளாமைக்கும் அடித்து நான் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டுத் தள்ளிப் பறி. சாற்றைக் குடிக்கச் சொல்வார்கள், கேட்காதே. ஈரலைக் கெடுக்கும் சத்து அந்தச் செடியில் இருக்கிறது. ஆழமான வெட்டுக்குள் இலையைத் திணிக்கவும் கூடாது.

4. காப்பித்தூள், மூக்குப்பொடி, சிலந்திவலை, சாணிச்சாம்பல்: எதுவும் வேண்டாம். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணியிலும்தான் கிடக்கிறது. சரத்தடியில் மண்ணைத் துழாவிக் காய் எடுக்கிற கை நம்முடையது. டி.டி. ஊசி எப்போது போட்டாய் என்று ஞாபகம் வைத்துக்கொள்.

5. அட்டையைப் பிடித்து இழுக்காதே. நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பு, விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அதனால் கடிவாய் வெகுநேரம் ஒழுகும். பயப்படாதே, கழுவி அழுத்தித் துணி கட்டு, போதும்.

6. பீறிட்டு அடித்தால், வெட்டு வாய் பிளந்து நின்றால், விரல் மரத்துப்போனால், இலை வைத்தியம் கிடையாது. விரியன் கடித்தாலும் அப்படித்தான். கீறாதே, கயிறு கட்டாதே, கடிபட்ட கையை ஆட்டாதே. சாயங்கால ஜீப்புக்குக் காத்திருந்து போடிமெட்டு இறங்கி ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. கங்காணியிடம் சொல்லி அப்போதே வண்டி கேள். நெடுங்கண்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. அரைநாள் கூலி போகும், போகட்டும்.