மூன்று நாள் ஆட்டம்... மூன்று மாத வைத்தியம் வேண்டாமே!

கால்பந்து ஆடினால் கால் பிசகும். கபடி ஆடினால் முட்டி பெயரும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து காய் நகர்த்துகிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது? இப்படித்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். கால்பந்துக்குப் பேர் போன எங்கள் காயல்பட்டினத்தில், சுளுக்கும் வீக்கமுமாக வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவன் நான். சமீப காலமாக இன்னொரு ரகமும் வருகிறது. பலகை விளையாட்டு சந்திப்புக்கு நண்பர்களோடு போய்விட்டு, நீர்க்கடுப்பும் கழுத்துப் பிடிப்புமாகத் திரும்புகிறவர்கள்!

அதென்ன சந்திப்பு என்கிறீர்களா? ஒரு பெரிய கூடம், வரிசையாக மேஜைகள், அடுக்கடுக்காக விளையாட்டுப் பெட்டிகள். பிடித்ததை எடுத்து, விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களோடும் உட்கார்ந்து ஆடலாம். சில ஆட்டம் அரை மணியில் முடியும். சில நாலு மணி நேரம் இழுக்கும். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தில் 1983 முதல் இப்படி ஒரு திருவிழா நடக்கிறது. 2024-ல் நாலு நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நம் நாட்டிலும் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் சிறிய அளவில் நடக்கிறது. போட்டி என்று எடுத்துக்கொண்டால், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் உங்களுக்கு நினைவிருக்கும். 180-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ, நீங்களோ முதல் முறையாக இப்படி ஒரு இடத்துக்குப் போவதாக இருந்தால், தாராளமாகப் போங்கள். மூளைக்கு நல்ல வேலை, மனதுக்கு உற்சாகம், புது நட்பு. ஆனால் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

உட்கார்ந்தாலும் உடம்பு களைக்கும்!

1984 செப்டம்பரில் கார்ப்போவும் காஸ்பரோவும் உலக செஸ் பட்டத்துக்காக மோதத் தொடங்கினார்கள். ஐந்து மாதம், 48 ஆட்டம் ஆகியும் முடியவில்லை. ஆட்டக்காரர்களின் களைப்பைக் காரணம் காட்டி 1985 பிப்ரவரியில் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். கார்ப்போவின் எடை வெகுவாகக் குறைந்துபோனதாக அப்போது பேசப்பட்டது. 1989-ல் பெல்கிரேடில் ஒரே ஒரு ஆட்டம் 269 நகர்த்தல்கள், 20 மணி நேரத்துக்கு மேல் நடந்து டிராவில் முடிந்தது.

அதற்காக உட்கார்ந்து ஆடுவதே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. மாமல்லபுரத்தில் ஹரிகா நிறைமாத கர்ப்பிணியாக இருந்துகொண்டே ஆடினார். அவர் இருந்த இந்திய அணி வெண்கலமும் வாங்கியது. பெரிய செஸ் ஆட்டக்காரர்களை கவனித்துப் பாருங்கள். எதிராளி யோசிக்கும் நேரத்தில் எழுந்து நடந்துவிட்டு வருவார்கள். கடிகாரம் ஓடும் போட்டியிலேயே அவர்கள் எழுந்திருக்கும்போது, நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடும் நாம் ஏன் பசை போட்டு ஒட்டியதுபோல் உட்கார வேண்டும்?

பதினான்கு வேகங்கள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த அடிப்படைப் பாடங்களில் ஒன்று, 14 வேகங்கள். வேகம் என்றால் உடம்பு தானாக எழுப்பும் உந்துதல். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை வலிய அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கண்ட உண்மை. தேரையரின் பிணியணுகா விதியிலும், மலத்தையும் சிறுநீரையும் அடக்காமலிருப்பது நோய் அணுகாமல் வாழும் வழிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

ஆட்ட மேஜையில் நடப்பதைப் பாருங்கள். 'இந்த ரவுண்டு முடியட்டும்' என்று சிறுநீரை அடக்குகிறோம். 'ஜெயிச்சுட்டு சாப்பிடலாம்' என்று பசியைத் தள்ளுகிறோம். அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. கொட்டாவி வந்தால் ஒரு காபி. ராத்திரி இரண்டு மணிக்கு 'இன்னும் ஒரு ஆட்டம்!' பதினான்கில் ஐந்தாறு வேகங்கள் ஒரே நாளில் அடங்கிப்போகின்றன.

கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். 'மூணு நாளும் சரியா தண்ணியே குடிக்கல டாக்டர். எந்திரிச்சா என் இடத்துல வேற ஆளு உக்காந்துருவான்' என்றார். நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிற்றில் வலி, மலமும் இறுகிவிட்டது. சிறுநீரை அடக்கினால் நீர்க்கட்டு, நீர்த்தாரைப் புண், மூட்டுகளில் வலி என்று நம் நூல்கள் சொல்கின்றன. தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால் கிருமித் தொற்றும் கல்லும் சேர வழி பிறக்கிறது என்கிறது இன்றைய மருத்துவம். பெண்களுக்கு நீர்த்தாரை குட்டையானது. அதனால் தொற்று இன்னும் சுலபமாக ஏறும். வெளியூர் போனால் கழிப்பறைக்குக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே ஒதுக்கும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, தெளிவில்லாத பேச்சு. மறுநாள் ஆட்டத்தில் தோற்பதற்கும் அதுவே காரணமாகிவிடும்!

நம் வீட்டு ஆட்டம் எப்படி இருந்தது?

தாயமும் பல்லாங்குழியும் நம் வீடுகளில் ஆடாததா? மத்தியானம் பெண்கள் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ஆனாலும் உலை கொதித்தால் ஒருத்தி எழுந்து போவாள். பிள்ளை அழுதால் இன்னொருத்தி. எங்கள் ஊரில் பாங்கு ஒலித்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். வீடே அவர்களை எழுப்பிவிட்டது. குளிர்சாதனக் கூடத்தில் வெயிலும் தெரியாது, அந்தியும் தெரியாது. அங்கே நம்மை எழுப்ப ஆள் வேண்டும்.

நண்பர்களோடு போவதன் பெரிய பலன் இதுதான். நாலு பேர் போனால் வேளைக்கு ஒருவர் 'மணி பார்க்கும்' பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தரம் 'எல்லாரும் எந்திரிங்கப்பா' என்று அவர் சொன்னால், யார் முறையாக இருந்தாலும் காயை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். இதை ஊரிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பயணம்: செந்தூர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் மறுநாள் காலையில்தான் சென்னை. இறங்கிய கையோடு மேஜைக்கு ஓடாமல் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துப் போங்கள்.

2. தண்ணீர்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆற வைத்த நீர் நல்லது. நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம். சிறுநீரக, இருதய நோயாளிகள் தங்கள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

3. சாப்பாடு: உம்மா கட்டித்தரும் வாடாவும் தம்மடையும் ஆசைக்கு ஒன்றிரண்டு போதும். வேளைக்கு இட்லி, மோர் சாதம். இடையில் வாழைப்பழம், பொரிகடலை. காபி, டீ மாலை ஐந்துக்குப் பிறகு வேண்டாம்.

4. கழுத்தும் காலும்: எழுந்திருக்கும்போதெல்லாம் குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்குங்கள். தோளைச் சுழற்றுங்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் இளஞ்சூடான நல்லெண்ணெய் தடவி, வதக்கிய நொச்சி இலையைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம்.

5. கை சுத்தம்: ஒரே சீட்டையும் காயையும் நூறு கைகள் தொடும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அடுத்தவர் நலனுக்காக வீட்டிலேயே இருங்கள்.

6. தூக்கம்: என்ன ஆனாலும் இரவு பதினொன்றுக்குள் படுக்கை. ஊர் திரும்பியதும் இரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகு எண்ணெய்க் குளியல் எடுங்கள். அன்று பகல் தூக்கம் கூடாது.

இவர்கள் கூடுதல் கவனம்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டை ஒரு ஆட்டத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. திடீர் வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வந்தால் சர்க்கரை குறைகிறது என்று அர்த்தம். உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ குடித்துவிட்டு, அடுத்து சாப்பிட வேண்டும். கூட வந்த நண்பர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

குளிர் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, சிறுநீரில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்... இவற்றில் எது வந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆட்டத்தை அடுத்த வருஷம்கூட ஆடிக்கொள்ளலாம்.