உவர் நிலத்தில் நெல் கருகுவது ஏன்?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வயல்களில், நட்ட சில நாட்களில் நெல்லின் இலை நுனி வெளுத்துக் கருகுவதுண்டு. தழைச்சத்துக் குறைவு என்றெண்ணி மேலும் யூரியா இட்டால் செலவுதான் மிஞ்சும். கோளாறு வேரில் இருக்கிறது.

வேரின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்துள்ளது. அதனிடையே ஸ்டெரால் என்னும் பொருள் செருகி நிற்கிறது. விலங்குகளுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பயிர்களுக்குச் சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், கேம்பெஸ்டெரால் ஆகியவை அப்படி. உப்பளப் பாத்தியின் தரையை மிதித்து இறுக்கினால் நீர் கசியாதல்லவா? அதுபோல ஸ்டெரால் சவ்வை நெருக்கிக் கசிவைக் குறைக்கிறது. கால்சியமும் சவ்வைப் பிணைத்து நிற்கிறது. உவர் மிகுந்தால் சோடியம் அந்தக் கால்சியத்தை விலக்கிவிடும். சாம்பல்சத்து வெளியே கசியும், சோடியம் உள்ளே புகும். கழியோர உமரிச் செடியோ உப்பை உயிரணுவின் உள்ளறையில் அடைத்துவைத்துச் செழிக்கிறது. நெல்லுக்கு அவ்வளவு வல்லமை இல்லை.

ஸ்டெராலை விலைக்கு வாங்கித் தெளிக்க வேண்டியதில்லை, பயிரே தயாரித்துக்கொள்ளும். உப்பின் தாக்குதலைக் குறைப்பதே உழவர் வேலை. வடகிழக்குப் பருவமழை நீரை வரப்புயர்த்தித் தேக்கி, உப்பு கரைந்தபின் வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இது பலிக்காது. சம்பாவுக்கு, 1982இல் வெளியான கோ 43 அல்லது திருச்சி 1 ரகத்தைத் தேர்ந்தெடுத்து, முதிர்ந்த நாற்றைக் குத்துக்குக் கூடுதலாக நடலாம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது நல்லது. ஜிப்சம் களர் நிலத்துக்கே உரியது. மண் பரிசோதனை செய்யாமல் வாங்க வேண்டாம்.