ஆச்சி தூங்கவில்லை

என் மாமியார் இறந்த அன்று, ஐந்து வயது மகனிடம் நான் சொன்ன முதல் வார்த்தையே தப்பு. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. "ஆச்சி ஏன் பெட்டிக்குள்ள இருக்காங்க?" என்றான். "தூங்குறாங்க, சத்தம் போடாத" என்றேன். அடக்கம் முடிந்த இரவிலிருந்து அவன் படுக்க மறுத்தான். கண்ணை மூடினால் தன்னையும் பெட்டியில் வைத்துக் குழிக்குள் இறக்கிவிடுவோம் என்று பயம். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு நாளானது.

மடியில் உட்காரவைத்து நேராகச் சொன்னேன். "ஆச்சி செத்துப்போயிட்டாங்க. மூச்சு நின்னுபோச்சு. இனி வலிக்காது, பசிக்காது. தூங்குறவங்க எழுந்திருப்பாங்க, ஆச்சி எழுந்து வரமாட்டாங்க." எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அவனோ, "அப்போ அவங்க மூக்குக்கண்ணாடி யாருக்கு?" என்றான். அன்று ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "பிடிச்சவங்கள ஏசுசாமி தன்கிட்ட கூப்பிட்டுக்குவாரு" என்று தேற்றினார். அன்றிரவு ஜெபம் முடிந்ததும் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்யமாட்டேன் என்று மகன் பின்வாங்கினான். "என்னை அவருக்குப் பிடிக்க வேண்டாம்." அவன் கணக்கில் பிழையே இல்லை.

மோட்சம் மேலே என்றால் ஏன் கீழே குழி தோண்டினார்கள் என்றும் கேட்டான். உடம்பு இங்கே, ஆன்மா கடவுளிடம், ஒருநாள் உடம்பும் உயிர்க்கும் என்று நம்புகிறோம் என்றேன். எப்படி? "எனக்குத் தெரியாதுடா, நம்புறேன்." தெரிந்ததையும் நம்புவதையும் பிரித்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தை இந்த வயதில் நான் எடுக்கவே இல்லை. ஆச்சிக்காக வேண்டிக்கொள்வோம் என்பதோடு சரி. ஞானோபதேச வகுப்பில் பிறகு படித்துக்கொள்ளட்டும்.

துக்க வீட்டில் யாரோ அவனிடம், ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது என்றிருந்தார்கள். அதற்காக யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொன்னேன். லாசரை எழுப்பத்தான் வந்தார், ஆனாலும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். கேட்டுவிட்டு, "ஆச்சியை ஏன் எழுப்பல?" என்றான். என்னிடம் பதில் இல்லை. லாசரும் பிறகு ஒருநாள் இறந்துதான் போனார் என்றேன். "ரெண்டு தடவையா? பாவம்!"

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அவனையும் கூட்டிப்போனோம். புல் பிடுங்குவது, சாமந்தி உதிர்ப்பது, மெழுகுவர்த்தியை மணலில் ஊன்றுவது எல்லாம் அவன் வேலை. முகத்துக்கு நேராகக் கேட்டால் வாய் திறக்காதவன், புல் பிடுங்கிக்கொண்டே, "நீயும் சாவியாம்மா?" என்றான். ஆமாம், ஆனால் ரொம்ப நாள் உன்னோடு இருக்க ஆசை என்றேன். தலையாட்டிவிட்டுத் தீப்பெட்டி கேட்டான்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாமிக்குப் பிடித்துப்போச்சு என்பதைத் தயவுசெய்து குழந்தைகள் காதுபடச் சொல்லாதீர்கள்.